மருந்தால் விளையும் தோல் விபரீதங்கள்



மருந்துகளின் மகிமையைப் பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தைக் கூட்டிய சங்கத்தார் கேட்டிருந்தால் என் வேலை சுலபமாயிருந்திருக்கும். நிமோனியாவும் காசமும் பிரசவ ஜுரமும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போன காலத்தைப் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கும் நமக்கு, அவற்றை அடக்கிய மருந்துகளின் பெருமையை எடுத்துரைக்க ஒரு பிரசங்கி அவசியமில்லை. ஆனால் எனக்கு இட்ட பணி வேறு. முறைப்படி எழுதிக் கொடுத்து, அளவு மீறாமல், வேளை தவறாமல் உட்கொண்ட நல்ல மருந்தொன்று, லட்சக்கணக்கானவர்களுக்கு உபகாரம் செய்த அதே மருந்து, யாரோ ஒருவருடைய சரீரத்தில் மட்டும் புகுந்த சில வாரங்களில் மேல்தோலையே உரித்தெறியும் அக்கினியாக மாறிவிடுகிறதே, அது ஏன், அதற்கு முன்னறிகுறி உண்டா, தடுக்க வழியுண்டா என்பனவற்றைச் சாமானிய ஜனங்களுக்கும் விளங்கும்படி சொல்லவேண்டும் என்பது அவர்கள் கட்டளை.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. நான் சொல்லப்போகும் கொடிய வியாதி மிக அபூர்வமானது. பத்து லட்சம் பேருக்கு ஆண்டொன்றில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை என்பது உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்த கணக்கு. இக்கணக்கை ஏழு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் நம் தமிழ்நாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 70 பேர் முதல் 400 பேருக்கு மேல் வரை என்றாகும். அபூர்வம் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான். வந்துவிட்ட வீட்டில் அந்தக் கணக்கு ஒருவருக்கும் ஆறுதல் தராது.

மருந்து தோலில் காட்டும் கோபத்தில் பல தரங்கள் உண்டு. பெரும்பாலும் அது உடம்பெங்கும் சிவந்த தடிப்பாகவோ, அரிக்கும் பொரியாகவோ வந்து, மருந்தை நிறுத்தினதும் ஒரு வாரத்தில் மறைந்துபோகும் சாது ரகம். இதற்கு அடுத்த படியில் ஒரு விசித்திரமான ரகம் இருக்கிறது. அதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய விபரீதத்தின் சூட்சுமம் இந்தச் சின்ன விபரீதத்திலேயே அடங்கியிருக்கிறது. ஜலதோஷத்துக்கோ வயிற்றுப்போக்குக்கோ ஒரு மாத்திரையை விழுங்கிய மனிதருக்குச் சில மணி நேரத்துக்குள் உதட்டோரத்திலோ, புறங்கையிலோ, வெளியில் சொல்லக் கூசும் மறைவிடத்திலோ வட்டமான ஒரு சிவப்புத் திட்டு எழுகிறது. எரிகிறது, சில வேளை கொப்புளிக்கிறது, பிறகு ஆறி, நீலம் பாய்ந்த கறுப்பாக ஒரு தழும்பை விட்டுப்போகிறது. ஆறு மாதம் கழித்து அதே மாத்திரையை மறுபடியும் சாப்பிட்டால், உடம்பில் வேறெங்கும் இடமில்லாததுபோல் முன்பிருந்த அதே இடத்தில், அதே வட்டம் மீண்டும் எரியத் தொடங்குகிறது. கூடவே புதிதாக ஒன்றிரண்டும் சேர்ந்துகொள்ளும். பல்லி எச்சம் என்று ஒருவர் சொல்வார், சூடு என்று இன்னொருவர் சொல்வார். மறைவிடத்தில் வந்துவிட்டாலோ, பாவம், அந்த மனிதர் செய்யாத குற்றத்துக்காக மனைவியின் சந்தேகத்துக்கு ஆளாகித் தவிப்பதும் உண்டு. உண்மையில் அங்கே நடப்பது ஒரு ஞாபகம்: முதல் தடவை அந்த மருந்தைப் பகையாகப் பாவித்த ரத்த வெள்ளணுக்களில் சில, அந்த வட்டத்திலேயே தங்கி, மருந்தின் வருகையை எதிர்பார்த்துக் காவல் இருக்கின்றன. பிரெஞ்சு வைத்தியர் புரோக் என்பவர் 1894இல், ஆன்டிபைரின் என்ற அந்நாளைய ஜுர மருந்தால் உண்டாவதாக இதை வர்ணித்தார். நம் நாட்டில் இன்றும் தோல் வைத்தியர்கள் சர்வ சாதாரணமாகக் காணும் மருந்துக் கோளாறுகளில் இதுவும் ஒன்று. உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மாத்திரையின் பெயரை மனிதர்தாம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இந்த ஒரு குறையைச் சுற்றித்தான் இன்றைய என் பேச்சு முழுவதும் சுழலப்போகிறது.

இனிப் பெரிய வியாதிக்கு வருகிறேன். 1922ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு வைத்தியர்கள், ஏழு வயதும் எட்டு வயதுமான இரண்டு சிறுவர்களின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார்கள். ஓயாத ஜுரம், வாய் முழுவதும் புண், சீழ் வைத்து வீங்கிய கண்கள், உடம்பெங்கும் விபரீதமான கொப்புளங்கள். முதலில் பார்த்த வைத்தியர்கள் அதை ரத்தம் கட்டிய ஒருவகைத் தட்டம்மை என்று தீர்மானித்திருந்தார்களாம். அவ்விருவர் பெயரையும் சேர்த்து ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வியாதி என்று இன்றும் வழங்குகிறோம். 1956இல் ஆலன் லயல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், கொதிநீர் கொட்டியதுபோல் மேல்தோல் படலம் படலமாகக் கழன்றுவிட்ட நான்கு நோயாளிகளை வர்ணித்து, அதற்கு டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைஸிஸ் என்று நாமகரணம் செய்தார். இவை இரண்டும் ஒரே வியாதியின் சிறிய, பெரிய உருவங்களே என்ற முடிவு பிற்பாடு ஏற்பட்டது. உடம்பின் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறைவாகத் தோல் கழன்றால் முதற் பெயர். முப்பதுக்கு மேற்பட்டால் இரண்டாம் பெயர். இடைப்பட்டது இரண்டும் கலந்தது. முதல் ரகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குள் இறப்பார்கள். இரண்டாம் ரகத்திலோ மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை.

அது வரும் முறையைக் கவனியுங்கள். மருந்தைத் தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள், பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில், சாதாரண ஜுரம்போல் ஒன்று வருகிறது, தொண்டை வலிக்கிறது, கண் உறுத்துகிறது, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. ஜலதோஷம் என்று எண்ணி இன்னும் இரண்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்கள். பிறகு மார்பிலும் முதுகிலும் முகத்திலும் மங்கலான கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அவை அரிப்பதைக் காட்டிலும் வலிக்கும்; தொட்டால் நோயாளி துடிப்பார்; தோல் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே ‘உடம்பெல்லாம் காந்துகிறது’ என்பார். உதடுகள் வெடித்து ரத்தம் உறைந்து கறுத்த பொருக்குக் கட்டும். எச்சில் விழுங்க முடியாது. சிறுநீர் கழிக்கும்போது எரியும். புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிக் கொப்புளமாகும். அப்போது விரலை வைத்து லேசாகத் தள்ளினால், வெந்நீரில் ஊறிய பாதாம் பருப்பின் தோல் வழுக்கிக்கொண்டு வருவதுபோல் மேல்தோல் நழுவிக் கையோடு வந்துவிடும். ரஷ்ய வைத்தியர் நிக்கோல்ஸ்கியின் பெயரால் வழங்கும் அடையாளம் இது.

நம் ஊர்களில் ஜுரத்தோடு கொப்புளம் என்றால் உடனே நினைவுக்கு வருவது அம்மை. ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியை வேப்பிலைப் படுக்கையில் கிடத்திவிட்டு, தலைக்குத் தண்ணீர் விடும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நியூயார்க் வைத்தியர்களே தட்டம்மை என்று மயங்கியபோது நம் பாட்டிமார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றியும், அம்மைக்கு மருந்து கூடாது என்ற சம்பிரதாயப்படி எல்லா மாத்திரைகளையும் அன்றைக்கே நிறுத்திவிட்ட குடும்பம், தன்னை அறியாமலே இந்த வியாதிக்குரிய முதற் சிகிச்சையைச் செய்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தச் சம்பிரதாயத்தின் மறுபாதி ஆபத்தானது. ஆஸ்பத்திரிக்குப் போவது அபசாரம் என்று வீட்டோடு வைத்திருக்கும் அந்த ஏழெட்டு நாளில்தான், தோல் இழந்த உடம்பு நீரையும் உப்பையும் சூட்டையும் இழந்து, வெளியிலிருந்து கிருமிகள் தடையின்றி உள்ளே நுழைகின்றன. கண்ணில் ஏற்படும் ஒட்டல்களும் அப்போதுதான் உண்டாகின்றன. நோயாளியின் உதட்டையும் கண்ணையும் பாருங்கள். உதடு ரத்தப் பொருக்காகி, கண் சிவந்து திறக்க முடியாமல், தோல் தொடமுடியாதபடி வலித்தால், அவர் சமீபத்தில் என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

இந்த விபத்து ஏன் சிலருக்கு மட்டும்? நம் அணுக்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற ஒருவகைப் புரதங்கள் உள்ளன. அணுவுக்குள் இருக்கும் சரக்கின் மாதிரியை வெளியே காட்டி, இது நம்முடையதுதானா என்று காவல் வெள்ளணுக்கள் சோதிப்பதற்கு உதவுவது அவற்றின் வேலை. இப்புரதங்கள் தாய் தந்தையரிடமிருந்து வருபவை. ஆளுக்கு ஆள் வேறுபட்டவை. சில ரகங்களில் மட்டும் குறிப்பிட்ட ஒரு மருந்து கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடனே காவலர்கள் சொந்த அணுவையே அந்நியன் என்று கருதி, கிரானுலைசின் முதலான கொல்லும் பொருள்களைப் பொழிந்துவிடுகிறார்கள். கொப்புளத்து நீரில் அந்தக் கிரானுலைசின் மிகுதியாக நிறைந்திருப்பதை 2008இல் தைவான் நாட்டு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். அதே நாட்டார் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஆச்சரியமானது. வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின் என்ற மருந்தால் இவ்வியாதி வந்த 44 சீன வம்சத்தாரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற ரகம் இருந்தது. அதே மருந்தைச் சுகமாகத் தாங்கிக்கொண்ட 101 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. வைத்திய சாஸ்திரத்தில் இவ்வளவு துல்லியமான சம்பந்தம் அடிக்கடி கிடைப்பதில்லை. பின்னர் 4877 பேரை மருந்து கொடுக்குமுன்பே சோதித்து, அந்த ரகம் இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட வியாதி வரவில்லை என்று 2011இல் அறிக்கை வந்தது. சிங்கப்பூர் அரசாங்கம் 2013இல், ஆசிய வம்சத்தார் எவருக்கும் கார்பமசெபினைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தச் சோதனை செய்வதே முறை என்று விதித்துவிட்டது. அங்குள்ள நம் தமிழரும் இதில் அடக்கம். இந்தியர்களில் இந்த ரகம் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேரிடம் இருக்கலாம் என்றும், சில சமூகங்களில் கூடுதலாகவும் இருக்கக்கூடும் என்றும் அமெரிக்க மருந்து நிர்வாகம் மருந்தோடு வரும் குறிப்பில் அச்சிட்டிருக்கிறது. ரகம் இருந்தவர்கள் எல்லோருக்கும் வியாதி வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், வராதவர்களே அதிகம்.

குஷ்டரோக சிகிச்சையில் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் டாப்சோனுக்கும், வாதரத்தம் என்கிற கவுட் நோய்க்குக் கொடுக்கும் அல்லோபியூரினாலுக்கும் இப்படியே தனித்தனி எச்.எல்.ஏ. ரகங்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அல்லோபியூரினாலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்ல எனக்கு அனுமதி தரவேண்டும். முழு உடல் பரிசோதனை என்று ஒரு மோகம் பரவியிருக்கிறது. அதில் யூரிக் ஆசிட் ஒரு புள்ளி கூடியிருக்கிறது என்று கண்டு, மூட்டு வலியோ, சிறுநீரகக் கல்லோ, யாதொரு உபாதையுமில்லாத மனிதருக்கு இந்த மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். காகிதத்தில் இருந்த எண்ணுக்காக மருந்து சாப்பிட்டுத் தோலைப் பறிகொடுப்பதைப்போல் அநியாயம் வேறில்லை. மற்றபடி சல்பா வகை மருந்துகள், பெனிடாயின், பினோபார்பிடோன், லாமோட்ரிஜின், நெவிரபின், ஆக்ஸிகாம் வகை வலி மாத்திரைகள் ஆகியவை இந்த ஜாபிதாவில் முதல் வரிசையில் நிற்பவை. இவற்றுள் லாமோட்ரிஜினை மிகச் சொற்ப அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல உயர்த்தவேண்டும் என்று விதி. வால்பிரோயேட் என்ற மருந்தும் கூடவே இருந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராமில்தான் ஆரம்பிக்க வேண்டும். ‘டாக்டர் கொடுத்த அளவு போதவில்லை’ என்று தாமே கூட்டிக்கொள்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளவும்.

மேல்தோல் உரியாமலே உயிரைத் தொடும் இன்னொரு ரகமும் உண்டு. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் ஜுரமும் தடிப்பும் வந்து, முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, கல்லீரல் கெடும். சிலருக்கு உயிராபத்தும் நேரும். இதை டிரெஸ் என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். மாதவிலக்கு வலிக்குப் பெண்கள் கடையில் தாமே கேட்டு வாங்கும் மெபினாமிக் அமில மாத்திரை இதை உண்டாக்கக்கூடும் என்று 2023 நவம்பர் இறுதியில் இந்திய பார்மகோபியா கமிஷன் எச்சரிக்கை விடுத்தது.

நம் நாட்டு வைத்திய வழக்குகளில் பிரசித்தமான ஒன்று இந்த வியாதியைப் பற்றியதே. அமெரிக்காவில் வசித்த அனுராதா சாஹா என்ற குழந்தை மனோதத்துவ நிபுணர் 1998இல் விடுமுறைக்குக் கல்கத்தா வந்தார். ஏப்ரல் மாதக் கடைசியில் உடம்பில் தடிப்புக் கண்டது. மே மாதத்தில் அது லயல் வர்ணித்த வியாதியாக முற்றியது. பம்பாய்க்கு விமானத்தில் கொண்டுபோயும் மே 28ஆம் தேதி காலமானார். நீண்டகாலம் உடலில் தங்கும் ஸ்டீராய்டு ஊசியை மிதமிஞ்சிய அளவில் கொடுத்ததும், தோல் இழந்த நோயாளிக்கு அத்தியாவசியமான ஆதார சிகிச்சையில் குறை வைத்ததும் அலட்சியமே என்று சுப்ரீம் கோர்ட் 2009இல் தீர்ப்பளித்தது. 2013இல் சுமார் 6 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் நஷ்டஈடாக விதித்தது. தொகையைப் பற்றித்தான் பத்திரிகைகள் பெரிதாகப் பேசின. எனக்கு அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது, ஆதார சிகிச்சையைப் பற்றிய பகுதி. இந்த நோய்க்குச் சர்வ சம்மதமான ஒரு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், இம்யூனோகுளோபுலின் என்று நிபுணர்களுக்குள் வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. வாதமில்லாத விஷயம் இரண்டே. சந்தேகப்பட்ட மருந்தை அன்றே நிறுத்துவது ஒன்று. தீக்காயம் பட்டவரைப்போல் வெதுவெதுப்பான தனியறையில் வைத்து, நீரும் ஆகாரமும் கணக்கிட்டுச் செலுத்தி, கிருமி அண்டாமல் புண்ணைக் காத்து, கண்ணைக் கண் வைத்தியர் தினந்தோறும் வந்து பார்ப்பது மற்றொன்று.

கண்ணைச் சொல்லாமல் போனால் பேச்சு குறைபடும். தோல் பெரும்பாலும் சில வாரங்களில் புதிதாக முளைத்துவிடும்; கண்ணின் மேற்படலம் அவ்வளவு தாராளமாக மன்னிப்பதில்லை. இமை உள்பக்கம் ஒட்டி, கண்ணீர் வற்றி, கருவிழி வெண்மை பூத்துப் பார்வை போனவர்களுக்கு, மாற்றுக் கருவிழி வைத்தாலும் அந்த வறண்ட நிலத்தில் அது பிடிப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி என்பவர் 1960களில் கற்பனைக்கெட்டாத ஒரு சத்திர சிகிச்சையை வகுத்தார். பின்னர் திருத்தப்பட்ட அதன் முறையைச் சென்னை சங்கர நேத்ராலயத்தில் செய்கிறார்கள். நோயாளியின் கோரைப்பல்லை அதைச் சுற்றியுள்ள எலும்போடு எடுத்து, சிறு தகடாக இழைத்து, நடுவில் துளையிட்டு, அதில் ஒளி புகும் பிளாஸ்டிக் குழலைப் பொருத்துகிறார்கள். அந்தத் தகட்டைக் கன்னத்துத் தோலுக்கடியில் சில மாதம் புதைத்து வைத்தால், சதையும் ரத்தநாளமும் அதைச் சொந்தம் என்று ஏற்று வளர்கின்றன. இதற்கிடையில் வாயின் உள்தோலை எடுத்துக் கண்ணின்மேல் போர்த்திவிடுகிறார்கள். கடைசியில் தகட்டைக் கண்ணில் பதித்தால், பல்லின் வழியே வெளிச்சம் உள்ளே போகிறது. எத்தனையோ ஆண்டுகள் இருட்டில் இருந்தவர் கடிகாரம் பார்க்கிறார். இதில் வைத்தியர்களின் மேதையை நான் வியக்கிறேன். அதைக் காட்டிலும், பல்லைப் பிடுங்கிக் கண்ணில் வைக்கும் நிலைக்கு ஒரு மனிதரைக் கொண்டுவந்து விட்டது சில நாள் சாப்பிட்ட ஒரு மாத்திரை என்பதை நினைக்கிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் என்ன? இந்தக் கேள்விக்குத்தான் நம் நோயாளிகளிடம் பதில் கிடைப்பதில்லை. மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். அதில் ஸ்கேன் படம் இருக்கும், ரசீது இருக்கும், ரேஷன் அட்டையின் நகல்கூட இருக்கும். மருந்துச் சீட்டு மட்டும் இராது. ‘வெள்ளை மாத்திரை காலையில், சிவப்பு மாத்திரை ராத்திரி’ என்பார்கள். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுத்தால், பெயர் அச்சிட்ட பாகம் அவரிடமே தங்கிவிடுகிறது. சில இடங்களில் மாத்திரைகளைப் பிரித்துக் காகிதப் பொட்டலமாகவே கொடுத்தனுப்புகிறார்கள். நோயாளிக்கு ஞாபகம் இருந்து சொல்லும் கம்பெனிப் பெயரோ ஒரே சரக்குக்குப் பத்து விதமாக இருக்கும். டெக்ரிடால் ஆகாது என்று தெரிந்தவருக்கு வேறு பெயரில் அதே கார்பமசெபினை எழுதிவிடலாம். ஒரு தடவை பிழைத்தவருக்கு அதே மருந்து மறுபடியும் உள்ளே போனால், இரண்டாம் தடவை சீக்கிரமாகவும் உக்கிரமாகவும் வரும். ஆகையால் பெயர் அச்சிட்ட பாகத்தோடு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் சரக்கின் பெயரை, தொடங்கிய தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் காஜியாபாத்திலுள்ள மருந்துக் கண்காணிப்பு நிலையத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். வைத்தியர்தான் சொல்லவேண்டும் என்பதில்லை, நோயாளியும் சொல்லலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சீட்டு கைக்கு வந்திருக்கிறது. ‘என் மகன் மூன்று வருஷமாக வலிப்புக்குக் கார்பமசெபின் சாப்பிடுகிறான், நாளை முதல் நிறுத்திவிடட்டுமா?’ என்று ஓர் அம்மாள் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம், அம்மா. இந்த விபரீதம் ஏறக்குறைய எப்போதும் முதல் இரண்டு மாதத்துக்குள் வருவது. மூன்று வருஷம் தாங்கிய உடம்புக்கு அபாயம் மிகக் குறைவு. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். இப்போது சாப்பிடும் மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள். ஆனால் அவனுடைய தம்பிக்கோ தங்கைக்கோ என்றேனும் இதே மருந்தை எழுதினால், அண்ணனுக்கு ஒத்துக்கொண்டதே என்று இருந்துவிடாமல், சோதனை செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஒரே பெற்றோரின் பிள்ளைகளானாலும் எச்.எல்.ஏ. ரகம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டிய நியதியில்லை.